பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி: புகார்ப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

அரசுக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்புப் பிரிவை இப்போதுதான் ஏற்றிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார், பெயின்டர், உதவியாளர் என்று கொஞ்சம் பேர் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். “இவங்களுக்கு ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடத்திடுங்க” என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான இடங்களில் அடுத்து நடப்பது, யாரோ தயாரித்த படங்களைத் திரையில் ஓட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்து அனுப்பிவிடுவது. அந்தப் பாடம் பெரும்பாலும் கட்டுமானத் தளத்துக்காகத் தயாரானது. உங்கள் ஆட்கள் செய்யும் வேலை வேறு.

கட்டுமானத் தளத்தில் யாரும் குடியிருப்பதில்லை. இங்கே குடும்பம் வாழும் வீட்டுக்குள் போய், ஒரு பக்கம் அடுப்பு எரிய, காலடியில் குழந்தை விளையாட வேலை செய்ய வேண்டும். கட்டடம் பழையது, நடுவில் யார் யாரோ எதை எதையோ மாற்றியிருப்பார்கள். வேலையோ ஒவ்வொன்றும் சின்னது: குழாய் ஒழுகுகிறது, படிக்கட்டு விளக்கு எரியவில்லை, கழிவுநீர் அடைத்துக்கொண்டது. சின்ன வேலை என்பதால் தனி ஆளாக அனுப்புகிறோம். ஏணியைப் பிடிக்கத் துணை கிடையாது, மெயினை அணைக்க நேரம் கிடையாது. “அஞ்சு நிமிஷ வேலைதானே” என்ற நினைப்பில்தான் இந்தத் தொழிலில் ஆட்கள் அடிபடுகிறார்கள், சாகிறார்கள். அதனால் பயிற்சியும் அந்த அஞ்சு நிமிஷ வேலைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் படி: புகார்களைப் பிரித்துப் பாருங்கள்

கடந்த ஒரு வருடத்துப் புகார்ப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே, அந்த வேலையில் ஆளுக்கு எதனால் ஆபத்து என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: மின்சாரம், உயரம், மூடிய இடம், தூசி, ரசாயனம், வெயில், பாரம், ஊசி, நாய், தகராறு. பல புகார்களுக்கு இரண்டு மூன்று சொற்கள் வரும். “மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது” என்பதில் உயரமும் இருக்கிறது, மூடிய இடமும் இருக்கிறது, மிதவைச் சுவிட்சில் மின்சாரமும் இருக்கிறது.

அப்புறம் வரிசைப்படுத்துங்கள். எது அடிக்கடி வருகிறது என்று பார்த்தால் ஒழுகும் குழாய்தான் முதலில் நிற்கும். அந்தக் கணக்கு இங்கே உதவாது. எந்த வேலையில் உயிர் போகுமோ அது முதலில் வர வேண்டும், வருடத்துக்கு ஒரு முறைதான் வந்தாலும் சரி. அப்படிப் பார்த்தால் மின்சாரம், உயரம், மூடிய இடம் மூன்றும் மேலே வந்துவிடும். பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் இவற்றுக்கே ஒதுக்குங்கள்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆபத்தே இல்லாமல் இதைச் செய்ய வழி உண்டா? உயரத்து பல்பைத் தரையில் நின்றபடி நீளக் கம்பால் மாற்ற முடிந்தால் ஏணியே தேவையில்லை. தொட்டியை வெளியே நின்று நீண்ட கைப்பிடித் தூரிகையாலும் அழுத்தத் தண்ணீராலும் கழுவ முடிந்தால் உள்ளே ஆள் இறங்க வேண்டியதில்லை. முடியாதபோதுதான் அடுத்தது: ஆபத்து குறைந்த பொருளுக்கு மாறுவது, நடுவில் தடுப்பு வைப்பது, வேலை செய்யும் முறையை மாற்றுவது. கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் கடைசியில்தான் வரும். இந்த வரிசையை ஆட்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். வேலையைக் கையால் செய்பவர் அவர்தான். நல்ல யோசனை பல நேரம் அவரிடமிருந்தே வரும்.

இரண்டாம் படி: மூத்த ஆளுடன் கட்டடத்தைச் சுற்றுங்கள்

அந்த வளாகத்தில் நீண்ட நாள் வேலை செய்த ஒருவரை அழைத்துக்கொண்டு தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை நடந்து பாருங்கள். மின் போர்டுகளில் எழுதியிருப்பது சரியா, தொட்டிகளுக்கும் மேன்ஹோல்களுக்கும் மூடி இருக்கிறதா, மாடி விளிம்பில் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், ஏணிகளின் கால் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் எந்த ஆண்டு கட்டியது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பழைய கட்டடமென்றால் கூரையில் ஆஸ்பெஸ்டாஸும் பெயின்ட்டில் ஈயமும் இருக்க வாய்ப்பு உண்டு. “இங்கே இதுக்கு முன்னாடி யாருக்காவது அடிபட்டிருக்கா?” என்று நடந்துகொண்டே பேச்சோடு பேச்சாகக் கேட்டால், எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல்கள் கிடைக்கும்.

மூன்றாம் படி: முதல் நாளில் செய்யக்கூடாதவை மட்டும்

புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் மனதில் நிற்காது. தனிப் பயிற்சி முடியும் வரை அவர் எதையெல்லாம் தொடக்கூடாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மின் போர்டைத் திறக்கக்கூடாது.
தொட்டி, சம்ப், செப்டிக் டேங்க், மேன்ஹோல் எதற்குள்ளும் இறங்கக்கூடாது, தலையை நுழைத்துப் பார்க்கவும் கூடாது.
கூரைத் தகடுகள்மேல் கால் வைக்கக்கூடாது.
லிஃப்ட் குழிக்கும் லிஃப்ட் இயந்திர அறைக்கும் போகக்கூடாது. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் யாராவது சிக்கியிருந்தால் கதவைப் பிளந்து இழுக்கக்கூடாது. லிஃப்ட் டெக்னீஷியன் வரும் வரை உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.
பழைய தகட்டிலோ தரை ஓட்டிலோ குழாய் உறையிலோ கேட்காமல் துளை போடக்கூடாது.
பெயர் ஒட்டாத புட்டியிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது.

இதோடு இன்னொன்று. வெயிலில் செய்யும் வேலைக்குப் புது ஆளின் உடம்பு பழக நாளாகும். வெப்பத்தால் சாகிறவர்களில் முதல் சில நாட்களிலேயே சுருண்டு விழுபவர்கள் அதிகம். பரவலாகப் பின்பற்றும் ஒரு முறை: முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம் மட்டும், பிறகு தினமும் 20 சதவீதம் கூட்டிக்கொண்டே போவது. மொட்டைமாடியில் நீர்க்கசிவு வேலைக்குப் புதியவரை அனுப்பும்போது இதை மறக்க வேண்டாம்.

நான்காம் படி: மின்சாரம்

படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்று புகார். எலக்ட்ரீஷியன் போர்டில் “படிக்கட்டு” என்று எழுதியிருக்கும் எம்.சி.பி.யை (அந்த இணைப்புக்கான தானியங்கிச் சுவிட்சை) அணைக்கிறார். விளக்கு ஏற்கெனவே எரியாததால், மின்சாரம் நின்றுவிட்டதா என்று பார்வைக்குத் தெரியாது. எப்போதோ வயரிங் மாற்றியவர்கள் அந்த விளக்கை வேறொரு இணைப்பில் சேர்த்துவிட்டு, போர்டில் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். இவர் ஏணியில் ஏறி ஹோல்டரைக் கழற்றுகிறார். ஷாக் சின்னதாகவே இருக்கலாம். கை உதறுகிறது, கால் தவறுகிறது, படிக்கட்டில் தலை மோதுகிறது. “ஏணியிலிருந்து விழுந்தார்” என்று அறிக்கை வரும். ஏணிப் பயிற்சி மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்காது.

இதை அப்படியே பயிற்சியில் நடத்திக் காட்டுங்கள். ஒரு பலகையில் இரண்டு எம்.சி.பி., இரண்டு ஹோல்டர் பொருத்தி, வேண்டுமென்றே பெயரை மாற்றி எழுதி வையுங்கள். பலகையில் மின்சாரம் வரும்போது அருகில் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் கீழே சொல்லும் வரிசையில் செய்து காட்டட்டும்.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் இருக்கும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். அணைக்க வேண்டும். தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். பிறகு சோதனை: மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் கருவியை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, அடுத்து வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்ப்பது, திரும்பவும் முதல் இடத்தில் வைத்துப் பார்ப்பது. மூன்றாவது முறை எதற்கு என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். நடுவில் கருவி பழுதாகியிருந்தால் இரண்டாவது சோதனை பொய் சொல்லியிருக்கும், அதற்காகத்தான்.

பூட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அட்டை மட்டும் போதும் என்பார்கள். டிவி நின்றுபோனதால் கீழே இறங்கி வந்து சுவிட்சைத் தூக்கிவிடும் குடியிருப்பாளர் அட்டையைப் படிக்கப் போவதில்லை. எம்.சி.பி.க்கென்றே சிறிய பூட்டுப் பொருத்திகள் கிடைக்கின்றன. ஆளுக்கொன்று வாங்கிக் கொடுங்கள்.

ஸ்க்ரூட்ரைவர் வடிவ டெஸ்டரை மட்டும் நம்பி வேலை செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல வெளிச்சத்தில் அதன் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியாது. ஆள் காய்ந்த மரப் பலகைமேல் நின்றால் சரியாக எரியவும் செய்யாது. இரண்டு முனையுள்ள சோதனைக் கருவியோ மல்டிமீட்டரோ வேண்டும். மெயின் அணைந்திருந்தாலும் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சோலார் வழியாக மின்சாரம் திரும்பி வரலாம் என்பதையும், மோட்டார் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதையும் காட்டிச் சொல்லுங்கள்.

10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். ஆளைக் காப்பாற்ற வைக்கும் மின்கசிவுத் தடுப்புச் சுவிட்சான ஆர்.சி.சி.பி. வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும். கையால் பிடிக்கும் துளைக் கருவிகளை அதன் வழியாகவே இணைக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அது துண்டிக்காது. ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே கிள்ளிவிடுங்கள்.

ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வீட்டு மின்சாரமாக இருந்து, அதை நிறுத்த வழியே இல்லையென்றால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளிவிடலாம். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். மூச்சும் அசைவும் இல்லாவிட்டால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு கொடுக்கலாம். இதைப் படம் காட்டிச் சொன்னால் போதாது. பயிற்சிப் பொம்மை ஒன்றை வரவழைத்து எல்லாரையும் வியர்க்க வியர்க்க இரண்டு நிமிடம் அழுத்த வையுங்கள்.

ஐந்தாம் படி: உயரம்

ஏணி நான்கு அடி ஏறினால் கால் ஓர் அடி வெளியே தள்ளி இருக்க வேண்டும். ஏறக்குறைய 75 பாகைச் சாய்வு. ஏறி இறங்கும் தளத்துக்கு மேல் ஏணி ஒரு மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால் எப்போதும் ஏணியில் பட்டிருக்க வேண்டும். வயிறு இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க ஆசை வந்தால் இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். மின்கம்பி அருகே இரும்பு ஏணியோ அலுமினிய ஏணியோ கூடாது. வீட்டுக்காரர் நாற்காலியை எடுத்து நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கீழே போய் ஏணி கொண்டுவருவதுதான் வேலை.

கூரைத் தகடுதான் இதில் மிகவும் ஏமாற்றுவது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடும், வெளிச்சத்துக்காக நடுவில் பொருத்திய பிளாஸ்டிக் தகடும் ஆள் எடையைத் தாங்காது. அழுக்குப் படிந்தோ பெயின்ட் அடித்தோ இருந்தால் எது பிளாஸ்டிக் என்றே தெரியாது. ஆணி வரிசைமேல் நடந்தால் தாங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி நடந்தவர்கள் விழுந்திருக்கிறார்கள். பலகைப் பாதை, விளிம்புத் தடுப்பு, கீழே வலை இவையெல்லாம் அமைத்துத் தரும் ஏற்பாடு இல்லையென்றால் அந்தக் கூரை வேலை உங்கள் ஆட்களுக்கானது அல்ல.

ஹார்னெஸ் என்னும் உடல் பாதுகாப்புப் பட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். அதை எதில் மாட்டுவது? குழாயிலும் ஜன்னல் கம்பியிலும் மாட்டினால் ஆளோடு சேர்ந்து அதுவும் வரும். எங்கே மாட்டலாம் என்று தகுதியுள்ள பொறியாளர் பார்த்து அடையாளமிட்ட கொக்கிகள் வேண்டும். விழுந்து தொங்குகிறவரை எப்படி இறக்குவது என்பதும் வேலை தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கமும் அதற்கு மேலும் நேரலாம். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க நேரம் இருக்காது.

ஆறாம் படி: தொட்டி, சம்ப், மேன்ஹோல்

இந்தப் பாடத்தில் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டே விஷயம்: உள்ளே போகாதே, உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றக் குதிக்காதே. இரண்டாவதுதான் கடினம். கூட வேலை செய்பவன் கண் முன்னால் சுருண்டு விழும்போது கை கட்டி நிற்க யாராலும் முடியாது. அதனால்தான் அடுத்தவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிறார்கள். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1986-இல் விடுத்த எச்சரிக்கை ஒன்று, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்கிறது. இந்த எண்ணைச் சொல்லிவிட்டு ஆட்களைப் பேச விடுங்கள். “என்னால சும்மா நிக்க முடியாது சார்” என்பார்கள். அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதையும் கையில் கொடுங்கள்: உரக்கக் கத்தி ஆள் கூட்டு, தீயணைப்புத் துறைக்குப் போன் செய், ஊதுவிசிறி இருந்தால் வெளியிலிருந்து காற்றை உள்ளே விடு, மற்றவர்கள் இறங்காமல் தடு. முன்கூட்டியே இடுப்பில் கயிறு கட்டி, மேலே மூன்று கால் தாங்கியும் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சுழல்கருவியும் வைத்திருந்தால் மட்டுமே மேலிருந்து இழுக்க முடியும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை விளக்கினால்தான் நம்புவார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக்கூடாது. மிகவும் குறைந்த இடத்தில் ஆள் மூச்சுத் திணறக்கூட மாட்டான், சட்டென்று விழுந்துவிடுவான். கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைத்தவர்கள் அந்த நேரத்தில்தான் இறங்கியிருக்கிறார்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும்; நச்சு வாயு எவ்வளவு இருக்கிறது என்று தீ சொல்லாது.

குடிநீர்த் தொட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். பூட்டியே கிடந்த இரும்புத் தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். உள்ளே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால் அதன் ஆவி தேங்கும். தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் பம்பை உள்ளேயோ வாயருகிலோ வைத்தால் கார்பன் மோனாக்சைடு நிரம்பும்.

உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டிய வேலைகளைத் தனியாகப் பயிற்சி பெற்ற, கருவிகள் உள்ள குழுவிடம் கொடுங்கள். அவர்கள் வரும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை: நான்கு வாயு கண்டறியும் கருவியால் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்கிறார்களா, வேலை முடியும் வரை தொடர்ந்து அளக்கிறார்களா, காற்று ஓடுகிறதா, கழிவுநீரும் தண்ணீரும் வரும் வழிகள் அடைபட்டுப் பூட்டியிருக்கின்றனவா, வெளியே நின்று பார்ப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறாரா, எழுத்தில் அனுமதி இருக்கிறதா. இதில் ஒன்று குறைந்தாலும் வேலையை நிறுத்துங்கள். புகார் ஒரு நாள் நிலுவையில் கிடக்கட்டும்.

ஏழாம் படி: தூசி

இது உடனே கொல்லாது, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. நல்ல நிலையில், தொடாமல் இருக்கும் தகட்டால் பெரிய ஆபத்து இல்லை. துளையிடும்போதும் அறுக்கும்போதும் உடைக்கும்போதும்தான் இழைகள் கிளம்புகின்றன. கூரை, பழைய தரை ஓடு, சுடுநீர்க் குழாயின் உறை இவற்றில் சந்தேகம் வந்தால் மாதிரியைச் சோதிக்கும் வரை கை வைக்கக்கூடாது. ஏற்கெனவே உடைந்து கிடந்தால் துடைப்பத்தால் பெருக்காமல் அந்த இடத்தை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும். துணி முகக்கவசம் இந்த இழையைத் தடுக்காது.

பழைய பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டினால் ஈயத் தூசி பறக்கும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவே இல்லை. வேலை நடப்பது குழந்தைகள் வாழும் வீட்டில். அதே தூசி சட்டையோடு ஒட்டிக்கொண்டு பணியாளரின் வீட்டுக் குழந்தையிடமும் போகும். நனைத்துச் சுரண்டுவது, தரையில் பிளாஸ்டிக் விரிப்பது, வேலை உடையைத் தனியாகத் துவைப்பது, சாப்பிடும் முன் கை கழுவுவது எல்லாம் கட்டாயம். கான்கிரீட்டையும் டைலையும் அறுக்கும்போது வரும் சிலிக்கா தூசிக்கும் தண்ணீர் ஊற்றி அறுப்பதே முதல் தீர்வு.

எட்டாம் படி: வீட்டுக்குள் போவது

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. பிளம்பர் கீழே குனிந்து வளைகுழாயைக் கழற்றப் போகிறார். அதற்கு முன் அவர் கேட்க வேண்டிய கேள்வி: “அம்மா, அடைப்புக்கு ஏதாவது ஊத்தினீங்களா?” ஊற்றியிருந்தால் அந்த வளைவில் காஸ்டிக் கரைசலோ ஆசிடோ தேங்கி நிற்கிறது, கழற்றியதும் நேரே முகத்துக்கு வரும். கண்ணாடியும் நீளக் கையுறையும் போட்டு, வாளியைக் கீழே வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும். அதற்கு மேல் இன்னொரு ரசாயனத்தை ஊற்றவே கூடாது. பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். சிறிய கழிவறையில் இரண்டுமே ஆளைச் சாய்க்கப் போதும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் விடாமல் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே மருத்துவ உதவி கேட்க வேண்டும்.

கேஸ் நாற்றம் அடித்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். ஜன்னலைத் திற, வால்வை மூடு, ஆட்களை வெளியேற்று, வெளியே வந்த பிறகு போன் செய். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டுத் துழாவும் பழக்கத்தை மாற்றுங்கள். கழிவறைத் தொட்டிக்குப் பின்னாலும் குப்பைப் பையிலும் குழாய்ச் சந்திலும் ஊசி கிடக்கலாம். டார்ச்சும் இடுக்கியும் கொடுங்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்கூட்டியே போட ஏற்பாடு செய்யுங்கள்.

மனிதர்களைப் பற்றியும் பேச வேண்டும். பல மாதப் புகாருக்குப் பிறகு கதவைத் தட்டும் பணியாளர்மேல்தான் குடியிருப்பாளரின் கோபம் விழும். கதவைத் தட்டிப் பெயர் சொல்லி, அடையாள அட்டை காட்டி, நாய் இருந்தால் வேறு அறையில் விடச் சொல்லிவிட்டு நுழையப் பழக்குங்கள். வெளியேறும் வழி தனக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும். குரல் உயர்ந்தால் வாதாடாமல் கருவிகளை விட்டுவிட்டுக்கூட வெளியே வந்துவிடலாம். கருவியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர் எந்த வீட்டுக்குப் போகிறார், எப்போது திரும்புவார் என்பது அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரம் தாண்டினால் அவர் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெண் பணியாளர்களிடம் இதைத் தனியாகவும் கேளுங்கள். எந்த வீட்டுக்குத் தனியாகப் போகக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒன்பதாம் படி: சொல்லிக்கொடுக்கும் விதம்

மூன்று மணி நேரச் சொற்பொழிவு யாருக்கும் உதவாது. காலையில் வேலை பிரிக்கும்போது பத்து நிமிடம் போதும். அன்றைய புகார்களில் ஒன்றை எடுத்து, “இதில் எங்கே அடிபடலாம்?” என்று கேளுங்கள். நீங்கள் பேசுவதைக் குறைத்து அவர்களைப் பேச விடுங்கள். செய்து காட்டுங்கள், செய்யச் சொல்லுங்கள், பிறகு அவரையே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்தது என்று நீங்கள் எழுதுவது அவர் கையால் செய்து காட்டிய பிறகுதான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வேறு மொழி பேசுபவரும் இருப்பார்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் தெரியும்.

ஒப்பந்தக்காரர் அனுப்பும் தினக்கூலி ஆட்களை இந்தப் பயிற்சியிலிருந்து விலக்கிவைக்காதீர்கள். சாக்கடையும் கூரையும் இடிப்பு வேலையும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன, பயிற்சி மட்டும் நிரந்தரப் பணியாளருக்கு என்று வைத்திருக்கிறார்கள். இது பெரிய அநியாயம். ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனையை எழுதுங்கள். பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு என்றும் எழுதுங்கள்.

பத்தாம் படி: நிறுத்தச் சொல்லும் உரிமை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பெரிய ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைத் தேவையற்ற விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. 21-ஆவது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு தொழிலாளர் தலையில் விழக்கூடாது என்கிறது. 2022 ஜூனில் பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் அந்த அமைப்பின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிரிவைப் பணியாளர்கள் கூடும் அறையில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கையுறைக்கும் ஷூவுக்கும் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

காகிதத்தில் உரிமை இருந்தால் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் தடவை ஒருவர் “இந்த ஏணியில ஏற மாட்டேன் சார்” என்று சொல்லும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லார் முன்னாலும் அவருக்கு நன்றி சொல்லி, ஏணியை ஓரங்கட்டி, மாற்று ஏணி வரும் வரை அந்தப் புகாரை நிறுத்திவையுங்கள். தாமதத்துக்குக் குடியிருப்பாளரிடம் பதில் சொல்வது உங்கள் வேலை, அவருடையது அல்ல.

பதிவும் மறுபயிற்சியும்

இரண்டு பதிவேடு வையுங்கள். ஒன்றில் யாருக்கு, எந்த நாளில், எதில் பயிற்சி, செய்து காட்டினாரா, யார் பார்த்தது. இன்னொன்றில் மயிரிழையில் தப்பியவை: கை நழுவி விழுந்த ஸ்பேனர், தவறான பெயர் எழுதிய எம்.சி.பி., சறுக்கிய ஏணி. இதில் எழுதுவதற்காக யாரையும் திட்டக்கூடாது, தண்டிக்கக்கூடாது. ஒரு தடவை தண்டித்தால் அந்தப் பதிவேடு அதன்பின் காலியாகவே கிடக்கும். எழுதியதற்கு என்ன செய்தோம் என்பதை அதே பக்கத்தில் எழுதி, அடுத்த காலைப் பேச்சில் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் மறுபயிற்சி கொடுங்கள். அதுவரை காத்திருக்கக்கூடாத நேரங்களும் உண்டு: புதுக் கருவியோ புது ரசாயனமோ வந்தால், ஆள் வேறு வேலைக்கு மாறினால், நீண்ட விடுப்பிலிருந்து திரும்பினால், அடிபட்டால், தப்பித்தவை பதிவேட்டில் ஒரே விஷயம் இரண்டாம் முறை வந்தால். அன்றே அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, அந்த இடத்துக்கே கூட்டிப்போய், திரும்பச் செய்ய வையுங்கள்.